பேரில்லாத ஞாயிறுகள்

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. யானைமலை, குளித்துவிட்டுப் படுத்த யானையைப் போலவே பளபளவென்று கிடந்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வெகுகாலம் ஊழியம் செய்து ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். ஊரார் அவரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள். திண்ணையில் உட்கார்ந்ததும், "இன்றைக்குத்தான் எங்களுக்கு வருஷப் பிறப்பு, தம்பி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். நவம்பர் 30-ஐ ஒட்டி வருகிற ஞாயிறு, அட்வெந்தின் முதல் ஞாயிறு. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆண்டு அன்றுதான் தொடங்குகிறது. அப்புறம் கிறிஸ்துமஸ், நாற்பது நாள் லெந்து, பெரிய வெள்ளி, உயிர்த்தெழுந்த ஞாயிறு, பெந்தெகொஸ்தே, அதற்கு அடுத்த வாரம் திரித்துவ ஞாயிறு. அதோடு பெரிய பண்டிகைகள் தீர்ந்தன. பிறகு 'திரித்துவத்துக்குப் பின் முதலாம் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு' என்று எண்ணிக்கொண்டே போகவேண்டியதுதான். பழைய ஜெபப் புத்தகத்தின் கணக்கில் அது 22-லிருந்து 27 வரை போகும். ஏறக்குறைய அரை வருஷம்!

இது குளிர் தேசத்துப் பஞ்சாங்கம். லெந்து என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வசந்தம் என்று பொருள். பகல் நீளத் தொடங்கும் பருவம். குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்த தானியம் அடிப்பானைக்கு வந்திருக்கும். உபவாசமும் பற்றாக்குறையும் அங்கே கைகோத்து வந்தன.

வெளியூர்ப் பஞ்சாங்கம் யானைமலைக்குப் புதிதல்ல. சமணர்கள் சுமார் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக்களும் அந்தப் பாறையில் இன்னும் இருக்கின்றன. மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது சமணத் துறவிக்கு விதி. வடநாட்டு மழையைப் பார்த்து வகுத்த விதி அது. கார்த்திகைப் பௌர்ணமியோடு முடிந்துவிடும். நம் பாண்டி நாட்டிலோ ஐப்பசியில்தான் மழை வலுக்கும். 'இனி நடக்கலாம்' என்று சாஸ்திரம் விடை கொடுக்கும் சமயத்தில் இங்கே ஓடைகள் புரண்டு ஓடும்!

கத்தோலிக்கர்களைப் பொறுத்தவரை, 1606-ல் நொபிலி பாதிரியார் மதுரைக்கு வந்த காலத்திலேயே பண்டிகை வரிசை இங்கே இருந்தது. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகளின் மரபு வேறு. அவர்களுடைய முன்னோர், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் மாசசூஸெட்ஸில் சட்டம் போட்டவர்கள். 1681 வரை அது அமலில் இருந்தது. பேரர்களிடம் அந்தக் கண்டிப்பு இல்லை. ஆனாலும் பிஷப்பும் லெந்தும் அவர்களுக்கு அந்நியம்தான்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில், இந்த அமெரிக்க வழியினரையும் உள்ளடக்கிய ஐக்கிய சபையும், ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்டுகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. இந்த ஏற்பாடு பிடிக்காதவர்களில் கவி டி. எஸ். எலியட் ஒருவர்; 1943-லேயே எதிர்த்துப் பிரசுரம் எழுதினார். லெந்தின் முதல் நாளாகிய சாம்பல் புதனைக் கவிதைக்குத் தலைப்பாக வைத்த மனிதருக்குச் சபை மரபைப் பற்றிக் கவலை இருந்ததில் வியப்பில்லை. மதுரை, இராமநாதபுரம் பகுதிக்கு முதல் பிஷப்பாக வந்தவர் லெஸ்லி நியூபிகின். வயது 37, ஸ்காட்லாந்து சபையில் குருப்பட்டம் பெற்றவர். 1959 வரை இங்கே இருந்தார். கிராமம் கிராமமாகச் சுற்றியதை நாட்குறிப்பாக எழுதி 1951-ல் வெளியிட்டார். 1963-ல் புதிய சபையின் ஆராதனைப் புத்தகமும் வந்தது.

"அந்தப் பஞ்சாங்கம் இந்த மண்ணுக்குப் பொருந்தியதா?" என்று ஐயரைக் கேட்டேன்.

"பாதி பொருந்தியது. மார்ச் 21-க்குப் பிறகு வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் உயிர்த்தெழுந்த நாள். நிலாவைப் பார்த்து நாள் வைப்பதை நம் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?"

"மற்றப் பாதி?"

அவர் சற்று நேரம் பேசவில்லை.

"லெந்து இங்கே மாசி, பங்குனியில் வரும். தை அறுப்பு முடிந்து, கூலிக்காரன் வீட்டிலும் நாலு மரக்கால் நெல் இருக்கிற சமயம். அப்போது போய், 'உபவாசமிருங்கள்' என்று பிரசங்கம் பண்ணுவேன். ஆடி, ஆவணி, புரட்டாசியில் நாற்று நடவு சில நாளைக்கு. மற்ற நாளெல்லாம் அடுப்புப் புகையாது. புத்தகத்தில் அதற்குப் பேரில்லை. 'பதினோராம் ஞாயிறு' என்று நான் வாசிப்பேன். எதிரே பாதிச் சபை பட்டினியாக உட்கார்ந்திருக்கும். ஒரு கிழவி கேட்டே விட்டாள்: 'எங்க லெந்து எப்பங்கய்யா முடியும்?' என்று."

அடுத்த வருஷத்திலிருந்து ஓர் ஏற்பாடு செய்தாராம். லெந்தில் ஒரு வேளை உபவாசமிருப்பவர் அந்த வேளைக்குரிய நெல்லைக் கோவிலுக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் குதிரில் போட்டுப் பூட்டி, புரட்டாசியில் திறந்து, வீட்டுக்கு இவ்வளவென்று அளப்பது. 'காணிக்கை நெல்லைப் பங்கு போடுவதாவது!' என்று சபைப் பெரியவர்கள் முகம் சுளித்தார்களாம்.

"எத்தனை நாளைக்கு வந்தது?"

"பத்து நாளைக்கு" என்று சிரித்தார். "பட்டினி மூன்று மாசம், தம்பி."

அட்வெந்து ஞாயிறு சாயங்காலமாகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் அகல் விளக்கை வைத்துவிட்டு உள்ளே போனாள். விடைபெற்று எழுந்தபோது, அந்தக் குதிர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கிறது. இப்போதுதான் ரேஷனில் அரிசி கொடுக்கிறார்களே! காலியாகத்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்" என்றார் ஐயர்.