இரையை நடக்கவைத்த ஈயம்

சாத்தனூர் அணை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்கே வறுத்துத் தரும் மீன்தான். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சட்டியில் விழும் மீன் பெரும்பாலும் பரிசலில் போய் வலை விரித்துப் பிடித்தது. தூண்டில்காரர்களின் வேட்டை வேறு வகை. ஒரு முள், ஒரு முழ நரம்பு, நடுவில் துளையிட்ட ஈயக்குண்டு, துடிக்கும் ஒரு கெண்டைக் குஞ்சு, இவ்வளவே அவர்களுடைய ஆயுதம். இந்தச் சிறு கோவையின் துண்டுகள் வெவ்வேறு கண்டங்களில் பிறந்து, வெவ்வேறு நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை.

வயதில் மூத்தது முள். ஜப்பானின் ஒக்கினாவா தீவில் சக்கித்தாரி என்ற குகையில், கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த முட்கள் கிடைத்திருக்கின்றன. வயது சுமார் 23,000 ஆண்டு. நம் பக்கத்தில் சிந்து சமவெளிக்காரர்கள் அதைச் செம்பிலும் வெண்கலத்திலும் வடித்தார்கள். அவர்களுடைய முட்கள் சிலவற்றில், கவ்விய மீன் கழன்றுவிடாதபடி பின்நோக்கிய ஒரு சிறு கூரும் உண்டு. இன்று கடையில் வாங்கும் முள்ளிலும் இருப்பது அதே கூர்தான். நாலாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அதைவிட நல்ல யோசனை யாருக்கும் தோன்றவில்லை.

தமிழகத்தில் இரும்பு முள்ளுக்குச் சாட்சி அகநானூறு. அதன் 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர், வளைந்த இரும்பில் கோத்த இரையை ஒரு பெரிய ஆண் வரால் விழுங்கிவிட்டு ஆம்பல் இலை கிழியக் குளத்தைக் கலக்குவதைக் காட்டுகிறார். மீனை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் கரையில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த வரால்தான் நம் ஊர் ஏரிகளின் விரால். அதற்கு இன்றைக்கும் தவளையை உயிரோடு கோத்துப் போடுகிறார்கள்.

இங்கிருந்து கதை இங்கிலாந்துக்குத் தாவுகிறது. 1653இல் ஐசக் வால்டன் என்ற லண்டன் வணிகர் தூண்டில் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பைக் என்ற வேட்டை மீனுக்கு உயிர் இரை போடும் முறைகளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஓரிடத்தில் கிடக்கும்படி போட்டுவிட்டுப் போகும் இரை ஒன்று. கூடவே கொண்டு நடந்து, ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும் இரை மற்றொன்று. இரண்டாவதை அவர் நடக்கும் இரை என்றே அழைத்தார். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டு கழித்து இது வேறொரு ஏரியில் திரும்ப வரும்.

வால்டன் காலத்தில் முள் செய்தவர்கள் ஊசி செய்தவர்களே. இரண்டும் எஃகுக் கம்பியிலிருந்து பிறப்பவை. ஒன்றை நேராக விட்டார்கள், மற்றதை வளைத்தார்கள். பர்மிங்காமுக்கு அருகிலுள்ள ரெட்டிச் என்ற சிற்றூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கே ஊசியும் தூண்டில் முள்ளும் அனுப்பியது. அதற்கு வேண்டிய நல்ல எஃகு ஷெஃபீல்டில் வார்க்கப்பட்டது. அந்த ஷெஃபீல்டு எஃகுக்குள் நம் மாநிலத்துக் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது.

மதராஸில் அரசுப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் நம் கொல்லர்களின் இரும்பில் மயங்கி வேலையை விட்டவர். 1830களில் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவை வைத்து இரும்பாலை தொடங்கினார். திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இருப்பதும் அதே வகைக் காந்தத் தாதுதான். ஆலை அவருக்குச் செல்வம் தரவில்லை. ஆனால் இங்கிலாந்து திரும்பியவர், எஃகை உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு பொருளை இட்டால் அது பதப்படும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். எஃகின் விலை இறங்கியது. ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, மாங்கனீசைத் தனியாகவும் கரியைத் தனியாகவும் மூசையில் போட்டுவிட்டு, இது ஹீத்தின் முறை ஆகாது என்று வாதிட்டார்கள். அப்படிச் செய்தவர்களில் அவருடைய சொந்த முகவரே ஒருவர். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் இறந்தபின், 1855இல், பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. தொழில் உலகில் நடந்த நகலெடுப்புகளில் இதுபோல் என் மனத்தை உறுத்தியது வேறில்லை.

இந்தியாவில் அந்த முள் வந்து இறங்கிய வேளையில், அதைப் போடும் வித்தையை எழுதி வைத்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டத்தின் கலெக்டராக இருந்த அவருடைய இந்தியத் தூண்டில் நூல் 1873இல் மங்களூரில் அச்சானது. 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூலும் எழுதினார். நம் ஏரிக்கரைப் பையன்கள் பார்த்துப் பழகும் விஷயத்துக்கு லண்டனில் வாசகர்கள் கிடைத்தார்கள்.

அந்தக் காலத்து நரம்பின் கதையும் விநோதமானது. மீன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நுனி நரம்பு வேண்டுமென்றால், ஸ்பெயினின் முர்சியாவிலிருந்து வரவழைக்க வேண்டும். கூடு கட்டப் போகும் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்து இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஒரு புழுவுக்கு ஒரு சிறு துண்டு. பல துண்டுகளை முடிந்துதான் ஒரு நரம்பு. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் நைலானை உருவாக்கியதும் முர்சியாவின் வியாபாரம் படுத்தது. பெண்களின் காலுறைக்குப் பேர்போன நைலான், தூண்டில் கயிறாகவும் உடனே சந்தைக்கு வந்துவிட்டது.

இதற்கு வெகு முன்பே நார்வேயில் முஸ்தாத் குடும்பத்தின் ஆலையில் மத்தியாஸ் டாப் என்ற பொறியாளர் முள் செய்யும் இயந்திரத்தை அமைத்தார். ஆண்டு 1877. கையால் வளைத்த ரெட்டிச் முள்ளை இயந்திர முள் மெல்ல ஓரங்கட்டியது. இன்று நம் கடலோரக் கடைகளிலும் முஸ்தாத் பெயர் போட்ட முள் பெட்டிகளைப் பார்க்கலாம்.

இனி ஈயக்குண்டு. வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளில் வால்ஐ என்றொரு மீன் உண்டு. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அரை இருட்டில் நன்றாகப் பார்க்கும். பெரும்பாலும் தரையை ஒட்டி இரை தேடும். நம் ஆறுகளின் வாளை மீனும் இருட்டில் வேட்டையாடும் சாதிதான். இரையைத் தரைவரை இறக்க எடை வேண்டும். ஆனால் கவ்விய மீன் எடையை உணர்ந்தால் உடனே துப்பிவிடும். 1960களின் இறுதியில் மின்னசோட்டா மாநிலத்தின் அல் லிண்ட்னர், ரான் லிண்ட்னர் சகோதரர்கள் இதற்கு விற்றுக் காட்டிய வழி எளிமையானது. ஈயத்தை நரம்பில் முடியவில்லை, துளைவழியே ஓடவிட்டார்கள். ஒரு முழம் தள்ளி முள். முள்ளில் அட்டையோ மண்புழுவோ குஞ்சு மீனோ. படகு மெல்ல நகரும்போது ஈயம் தரையில் இழுபடும், இரை அதன் பின்னால் நீந்தும். மீன் கவ்வினால் கையிலுள்ள நரம்பைத் தளரவிட வேண்டும். நரம்பு துளைக்குள் வழுக்கி ஓடும், ஈயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். மீனுக்கு எடையே தெரியாது. சற்றுப் பொறுத்து இழுத்தால் முள் பதியும். அவர்களுடைய ஈயம் பாதம் போன்ற வடிவில், பாறையில் சிக்காமல் தத்தித் தத்திப் போனது. அதற்கு வைத்த பெயர் நடக்கும் ஈயம். வால்டன் கொண்டு நடந்த இரையை இவர்கள் தானாக நடக்கவைத்துவிட்டார்கள்.

படகுக்குப் பின்னால் இழுப்பதும் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் பாய் விரித்து ஓடும் கட்டுமரத்திலிருந்து வஞ்சிரத்துக்குத் தூண்டில் இழுப்பது நம்மவர்களின் பழைய பழக்கம். பின்லாந்தின் லவுரி ரப்பாலா துடுப்புப் படகில் இழுத்துப் பார்த்துப் பார்த்து, 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, அடிபட்ட குஞ்சு மீன்போல் தடுமாறும் பொய்மீன் செய்தார். 1962இல் மர்லின் மன்றோ மறைவை அட்டையில் தாங்கிய லைஃப் இதழ் பரபரப்பாக விற்றது. அதே இதழின் உள்ளே ரப்பாலாவின் பொய்மீனைப் பற்றி ஒரு கட்டுரை. உலகமே அதைக் கேட்கத் தொடங்கியது, நகல்களும் குவிந்தன.

நம் தூண்டிலில் இரைகூட அந்நியனாக இருக்கலாம். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952இல்தான் இந்தியாவுக்கு வந்தது. இன்று அதன் குஞ்சு கிடைக்காத ஏரி குறைவு.

ஈயத்துக்கு மட்டும் காலம் நெருக்கடி தந்துவிட்டது. தொலைந்த ஈயத் துண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கிய அன்னப் பறவைகள் செத்ததால், 1987இல் இங்கிலாந்து சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டது. அங்கே டங்ஸ்டனும் எஃகும் அந்த இடத்தைப் பிடித்தன. நம் ஏரிக்கரைகளில் ஈயக்குண்டு கைக்கு வராதபோது பையன்கள் சைக்கிள் கடையிலிருந்து பழைய நட்டு ஒன்றை எடுத்துவந்து நரம்பில் கோக்கிறார்கள். நடுவில் துளை இருப்பதால் நரம்பு அதற்குள்ளும் தாராளமாக ஓடும்.