வாடகை வீடு சொந்த வீடான வரலாறு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது எம்மவர் பழமொழி. வீடு கட்டுவதன் அருமையை அது உணர்த்தும். அவ்வருமையைக் குடிமக்களுக்காகத் தானே ஏற்றுக்கொண்டது பிரித்தானிய அரசு. முதல் உலகப் போரின் பின், 1919ஆம் ஆண்டில், சுகாதார மந்திரி கிறிஸ்தோபர் அடிசன் கொணர்ந்த சட்டத்தின்படி, நகரசபைகள் அரசாங்க உதவியுடன் வீடுகளைக் கட்டித் தொழிலாளருக்கு வாடகைக்குக் கொடுத்தன. இரண்டாம் உலகப் போரின் பின் இப்பணி மேலும் பெருகியது. 1979ஆம் ஆண்டளவில், அந்நாட்டுக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இத்தகைய வீடுகளில் வாழ்ந்தது.

அவ்வாண்டில் மார்கிரட் தட்சர் பிரதமரானார். வாடகைக்கு இருப்போரை வீட்டுக்கு உரியவராக்குதல் அவர் கட்சியின் வாக்குறுதி. அதற்கு முன்னரும் சில சபைகள் தம் விருப்பப்படி வீடுகளை விற்றதுண்டு. 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டமோ அவ்விருப்பத்தைக் குடியிருப்பவரின் உரிமையாக மாற்றியது. வாங்க விரும்பியவருக்கு விற்க மறுக்கச் சபையால் இயலாதாயிற்று.

விலைக்கழிவே இச்சட்டத்தின் உயிர்நாடி. மூன்று ஆண்டுகள் குடியிருந்தவருக்கு மதிப்பில் நூற்றுக்கு 33 பங்கு கழிக்கப்பட்டது. அதன்மேல் ஆண்டுக்கு ஒரு பங்காகக் கூடி, 50 பங்கு வரை கழிவு உயர்ந்தது. 10,000 பவுண் மதிப்புள்ள வீட்டிற் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவர், 5,700 பவுணுக்கு அதனைப் பெறலாம். வாங்கியவர் ஐந்தாண்டுகளுக்குள் விற்பின், கழிவின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பின்னர் 1986ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்மாடி வீடுகளுக்கான கழிவை 70 பங்கு வரை உயர்த்தியது.

பயன் பெரிது. வாடகையன்றி வேறறியாத குடும்பங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு சொத்தைப் பெற்றன. காலப்போக்கில் ஏறத்தாழ இருபது இலட்சம் வீடுகள் விற்பனையாயின.

ஆயினும் விற்ற வீட்டிற்கு ஈடாக வேறொரு வீடு எழவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு விற்பனைப் பணத்தில் நூற்றுக்கு 75 பங்கைக் கடன் தீர்ப்பதற்கென ஒதுக்கும்படி சபைகளைப் பணித்தது. தோட்டத்துடன் கூடிய நல்ல வீடுகள் முதலிற் கைமாறின. விற்கப்பட்ட வீடுகள் பல பின்னர்த் தனியாரின் வாடகை வீடுகளாயின. வீடின்றிச் சபையின் வாயிலில் காத்திருந்தோரின் வரிசையோ நீண்டது.

இதனையுணர்ந்து ஸ்கொத்லாந்து 2016ஆம் ஆண்டிலும், வேல்ஸ் 2019ஆம் ஆண்டிலும் இவ்வுரிமையை நீக்கின. இங்கிலாந்து அதனை நீக்கவில்லை. எனினும் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கழிவின் உச்ச வரம்பைப் பிரதேசத்துக்கேற்ப 16,000 பவுண் முதல் 38,000 பவுண் வரையாகக் குறைத்தது.

ஒரு தலைமுறை பொதுப்பணத்தாற் கட்டியதை அடுத்த தலைமுறை தனிச்சொத்தாகப் பெற்றது. அதனாற் பெற்றவர் வாழ்வு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், மூன்றாந் தலைமுறைக்கு வீடு எங்கே என்னும் வினாவுக்கு விடைகூறும் கடமை, விற்கும் அரசுக்கு உண்டு. அறுவடை செய்த நெல்லில் விதைநெல்லை ஒதுக்கி வைப்பவனே அடுத்த போகத்தையும் காண்பான்.