ரேசரை சும்மா கொடுத்தது யாரு?

ஸ்டார்ட்-அப் பத்தி யார் பேசினாலும் ஒரு வரி எப்படியாவது வந்துடும்: "ரேசரை சும்மா கொடு, பிளேடுல சம்பாதி." பிரின்டர் மலிவா கிடைக்கும், இங்க் வாங்கப் போனா கண்ணு பிதுங்கும். அதுக்கு மூலக்கதையா சொல்றது இதைத்தான். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடிச்சவர்னு கிங் கேம்ப் ஜில்லெட் பெயரையும் கூடவே சொல்வாங்க. ஆனா பழைய விலைப்பட்டியலைப் பார்த்தா கதை கிட்டத்தட்ட தலைகீழா இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

நான் இந்த விஷயத்துக்குள்ள போனதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரெண்டு மாசமா ஒரு டபுள் எட்ஜ் சேஃப்டி ரேசரில் ஷேவ் பண்ணிப் பார்க்கிறேன். தாத்தா காலத்து ரேசர் மாதிரியேதான்: ஒரு பிடி, ரெண்டு தகடு, நடுவில் ரெண்டு பக்கமும் கூர் உள்ள ஒரு பிளேடு. இதிலேயே "மைல்டு"னு சொல்ற வகை. ரேசர் ஜெர்மனியில் செஞ்சது, பிளேடு நம்ம ஊர் கடையில் வாங்கினது. மூணு கம்பெனி பிளேடு மாத்திப் பார்த்தேன், மூணும் கச்சிதமா உட்காருது. போன் சார்ஜருக்கு ஒரே அளவு கொண்டுவர ஐரோப்பிய யூனியன் சட்டமே போட வேண்டி வந்தது. ரேசருக்கு அப்படி ஒரு சட்டம் யாரும் போடலையே, அப்புறம் எப்படி உலகம் முழுக்க ஒரே அளவு?

திறமை இருந்தது கையில்

முதலில் சேஃப்டி ரேசருக்கு முந்தைய காலம். அப்போ இருந்தது மடக்குக் கத்தி. அதைச் சாணைக்கல்லில் தீட்டணும், ஒவ்வொரு முறையும் தோல்வாரில் தேய்க்கணும், முகத்தில் வைக்கும்போது சரியான சாய்வில் பிடிக்கணும். கத்தி ஒண்ணுதான், ஆனா அதைப் பாதுகாப்பாக்கியது பிடிச்சவர் கைப்பழக்கம். அதனாலதான் பெரும்பாலான ஆண்கள் நாவிதரிடம் போனாங்க.

இந்தத் திறமையில் கொஞ்சத்தைக் கருவிக்குள்ள வைக்க முடியுமான்னு யோசிச்சவர்களில் ஒருவர் ஷான்-ஷாக் பெரே. பாரிஸில் கத்தி செய்பவர். தானே சவரம் செய்துகொள்வதைக் கற்றுக்கொடுக்க 1769-ல் ஒரு புத்தகமே எழுதினார். தச்சரோட இழைப்புளியில் உளி கொஞ்சமா மட்டும் வெளியே நீட்டியிருக்கும் பார்த்திருக்கீங்களா? அதே மாதிரி கத்திக்கு ஒரு மரக் காப்பு போட்டார். கத்தி ஆழமா இறங்காது. 1880-ல் அமெரிக்காவில் காம்ஃப் சகோதரர்கள் காப்பு வைத்த ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதாவது சேஃப்டி ரேசர் ஜில்லெட்டுக்கு முன்னாடியே இருந்தது. ஆனா அதன் பிளேடு தடிமனானது. அதையும் தீட்டிக்கிட்டே இருக்கணும்.

சோடா மூடி விற்றவர்

ஜில்லெட் பிறந்தது 1855-ல், விஸ்கான்சினில். ஊர் ஊராகச் சுத்திய விற்பனைப் பிரதிநிதி. அவர் வேலை பார்த்த கம்பெனியை நடத்தியவர் வில்லியம் பெயின்டர். சோடா பாட்டில் மேல் இருக்கும் நெளிநெளியான தகர மூடி இருக்கே, அதைக் கண்டுபிடிச்சவர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு பொருளைக் கண்டுபிடி, ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து வாங்குவாங்கன்னு ஜில்லெட்டுக்கு யோசனை சொன்னதும் அவர்தான்.

இன்னொரு பக்கம், இதே ஜில்லெட் 1894-ல் ஒரு கற்பனாவாத சோஷலிசப் புத்தகம் எழுதியிருக்கார். வியாபாரப் போட்டியே கூடாது, எல்லா உற்பத்தியையும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனம் செய்யணும், நயாகரா அருவி மின்சாரத்தில் இயங்கும் ஒரே மாநகரத்தில் எல்லோரும் வாழணும்னு அதில் வாதாடுகிறார். அடுத்த வருஷம், 1895-ல், மழுங்கிப்போன கத்தியோடு ஷேவ் பண்ணும்போது தீட்டவே தேவையில்லாத மெல்லிய பிளேடு என்ற எண்ணம் வந்ததாக அவரே சொல்லியிருக்கார்.

எண்ணம் வருஷக்கணக்கா காகிதத்திலேயே கிடந்தது. காரணம் எஃகு. அவ்வளவு மெல்லிய தகட்டைச் சூடாக்கிக் கடினப்படுத்தினா அது நெளிஞ்சு போகும், கூர் நிக்காது. இதைத் தீர்த்தவர் வில்லியம் நிக்கர்சன், எம்.ஐ.டி.யில் படிச்ச பொறியாளர். கம்பெனி 1901-ல் பாஸ்டனில் தொடங்கியது. 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான்! அடுத்த வருஷமே 90,000 ரேசருக்கு மேல் போச்சு. 1904 நவம்பர் 15-ல் காப்புரிமையும் கைக்கு வந்தது.

மைல்டுன்னா என்ன?

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்தக் கருவியைப் பார்ப்போம். நான் கையில் வெச்சிருக்கிறதும் அடிப்படையில் அதே வடிவம்தான்.

இன்றைய டபுள் எட்ஜ் பிளேடின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். தனியா எடுத்தா வளைஞ்சு ஆடும். மேல் தகடும் கீழ்த் தகடும் அதை வில் மாதிரி வளைச்சு அழுத்திப் பிடிக்கும்போதுதான் விறைப்பு வருது. அந்த வளைவே பிளேடு தோலைத் தொடும் சாய்வையும் முடிவு பண்ணுது. மடக்குக் கத்தியில் கை செஞ்ச வேலையை இதில் ரெண்டு தகடு செய்யுது.

மைல்டு, அக்ரெசிவ்னு சொல்றது ரெண்டு அளவை வெச்சு. ஒண்ணு, பிளேடு நுனிக்கும் கீழே உள்ள காப்புப் பட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தா பொதுவா மைல்டு, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினா முரட்டு ரகம். இன்னொண்ணு, மேல் தகட்டு விளிம்பிலிருந்து காப்புப் பட்டைக்கு ஒரு கோடு போட்டா, பிளேடு நுனி அந்தக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு துருத்திக்கிட்டு இருக்குன்னு பார்க்கிறது. மைல்டு ரேசரில் நுனி கோட்டிலோ, அதுக்குள்ளேயோ அடங்கி இருக்கும்.

பயன்படுத்தும்போது இது நல்லாவே தெரியுது. வெந்நீர், பிரஷ்ஷில் எழுப்பிய சோப்பு நுரை, அப்புறம் ரேசரை அழுத்தாம அதன் எடையிலேயே இறங்க விடணும். முடி வளரும் திசையில் ஒருமுறை போனா கன்னம் சுத்தமாயிடும், தாடைக்குக் கீழே முள்முள்ளா மிச்சம் இருக்கும். திரும்ப நுரை போட்டு குறுக்கே ஒருமுறை, தேவைப்பட்டா எதிர்த்திசையில் ஒருமுறை. மொத்தம் பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஆகுது. முரட்டு ரேசர் ரெண்டே முறையில் முடிச்சிடும், ஆனா கை சாய்வு தப்பினா உடனே ரத்தம் காட்டும். மைல்டு ரேசர் என் கையைப் பொறுத்துக்குது, அதுக்குப் பதிலா என் நேரத்தை எடுத்துக்குது.

ஜில்லெட் கம்பெனிக்கும் இது தெரிஞ்சிருந்தது. 1938-ல் அவங்க கொண்டுவந்த டெக் என்ற மாடல் மைல்டுக்கு இன்னிக்கும் உதாரணமா சொல்லப்படுது. 1958-ல் வந்த ஒரு மாடலில் 1 முதல் 9 வரை திருகிக்கலாம். எவ்வளவு பாதுகாப்பு வேணும், எவ்வளவு வேகம் வேணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

5 டாலர் ரேசர்

இப்போ அந்த "சும்மா கொடு" கதைக்கு வருவோம். காப்புரிமை கையில் இருந்த காலத்தில் ஜில்லெட் ரேசரோட விலை 5 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு அது வாரக் கூலியில் பெரிய துண்டு. பிளேடோ, ஆரம்பத்தில் ஒரு டாலருக்கு 20. ரேசர்தான் விலை உயர்ந்த பொருள், பிளேடு இல்லை!

இதை 2010-ல் ஒரு கட்டுரையில் விரிவா எடுத்து வெச்சவர் ரேண்டல் பிக்கர், சிகாகோ பல்கலைக்கழக சட்டப் பேராசிரியர். போட்டியாளர் யாரும் நுழைய முடியாத அந்த 17 வருஷத்தில்தான் ரேசரை சும்மா கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டிருக்கலாம். ஜில்லெட் அதைச் செய்யலை. விலையை மேலேயே வெச்சிருந்தார்.

நடுவில் முதல் உலகப்போர் வந்தது. விஷவாயு முகமூடி முகத்தில் ஒட்டி உட்காரணும்னா தாடி இருக்கக் கூடாது. 1918-ல் அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3 கோடிக்கு மேல் பிளேடும் வாங்கியது. ஊர் திரும்பிய இளைஞர்களோடு தானே ஷேவ் பண்ணும் பழக்கமும் வீட்டுக்கு வந்தது.

1921-ல் காப்புரிமை முடிஞ்சது. இனி யார் வேணும்னாலும் அந்த ரேசரைச் செய்யலாம், அதுக்குப் பொருந்தும் பிளேடும் செய்யலாம். அப்போதான் ஜில்லெட் பழைய மாடலை ஒரு டாலருக்கு இறக்கியது. புதுசா ஒரு மாடல் செஞ்சு அதை 5 டாலருக்கு வெச்சது. ரேசர் மலிவானது தந்திரத்தால் இல்லை, பூட்டு உடைஞ்சதால்.

மூணு ஓட்டை சண்டை

பூட்டு உடைஞ்சதும் பிளேடு செய்றவங்க பெருகினாங்க. அதில் ஹென்றி கைஸ்மன் செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம். ஜில்லெட் பிளேடில் மூணு துளை இருந்தது. கைஸ்மன் தன் புரோபேக் பிளேடில் துளையின் வடிவத்தை மாத்தினார். அந்த பிளேடு ஜில்லெட் ரேசரிலும் உட்காரும், ஆனா ஜில்லெட் பிளேடு அவர் ரேசரில் உட்காராது!

1930-ல் ஜில்லெட் புது ரேசரும் புது பிளேடும் இறக்கினதும், இது என் காப்புரிமைன்னு கைஸ்மன் வழக்குப் போட்டார். சமரசமா ரெண்டு கம்பெனியையும் இணைக்க முடிவாச்சு. அதுக்காகக் கணக்கைப் பார்க்கும்போது, ஜில்லெட் தன் வருமானத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது வெளியே வந்தது. நிர்வாகம் கைஸ்மன் கைக்குப் போனது. கிங் ஜில்லெட் 1931-ல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1932-ல் இறந்தபோது அவருடைய சொத்தில் பெரும்பகுதி கரைஞ்சிருந்தது.

இன்னிக்கு உங்க கையில் இருக்கும் பிளேடை உத்துப் பாருங்க. நடுவில் நீளமா ஒரு திறப்பு இருக்கும். அது அந்தச் சண்டைக் காலத்தில் வந்த வடிவம்தான். யாரும் கூடி உட்கார்ந்து பொது அளவு தீர்மானிக்கலை. காப்புரிமை முடிஞ்சதும், போட்டியாளர்கள் ஒருத்தர் ரேசரில் இன்னொருத்தர் பிளேடைப் பொருத்த மோதினதும் சேர்ந்துதான் இதைப் பொது ஆக்கிச்சு.

அதன் பலனை 1962-ல் பார்க்கலாம். பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வோர்டு துருப்பிடிக்காத பிளேடை இறக்கியது. பழைய கார்பன் எஃகு பிளேடை விட அது பல நாள் தாங்கியது. ஜில்லெட் ரேசர் வெச்சிருந்தவங்க ரேசரை மாத்தவே இல்லை, பிளேடை மட்டும் மாத்தினாங்க. உலகின் மிகப் பெரிய ரேசர் கம்பெனி அடுத்த வருஷமே தானும் அதே மாதிரி பிளேடு இறக்க வேண்டியதாச்சு.

திரும்ப வந்த பூட்டு

1971-ல் ஜில்லெட் ரெண்டு பிளேடு அடங்கிய கார்ட்ரிட்ஜ் ரேசரைக் கொண்டுவந்தது. அது சௌகரியமானதுதான், மறுக்க முடியாது. சாய்வைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். ஆனா அந்தப் பிடிக்கு அந்தக் கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும். 1998-ல் மூணு பிளேடு, 2006-ல் ஐந்து. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப் பிடி, புதுக் காப்புரிமை. பிசினஸ் பாடம் சொல்ற "ரேசர்-பிளேடு" வியாபாரம் உண்மையில் இந்தக் காலத்துக்குத்தான் பொருந்துது.

இந்தியாவில் டபுள் எட்ஜ் மறையவே இல்லை. பெட்டிக்கடையிலும் கிடைக்கும், சலூனில் அதையே ரெண்டா உடைச்சு கத்தியில் செருகுவாங்க. இந்தச் சந்தைக்காக ஜில்லெட் முன்பு ஒரு ரேசரை எம்.ஐ.டி.யில் படிச்ச இந்திய மாணவர்களிடம் சோதிச்சு 2002-ல் இறக்கியது. இங்கே வந்ததும் பிளேடில் முடி அடைச்சுக்கிச்சு. அந்த மாணவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஓடிக்கிட்டே இருந்தது, இங்கே பல வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரில்தான் ஷேவிங். அப்புறம் வீடு வீடா வந்து பார்த்து, 2010-ல் ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசரை இறக்கினாங்க: பிடி 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். எதிரே நின்ன டபுள் எட்ஜ் பிளேடு சில ரூபாய்தான். அதனால கார்ட்ரிட்ஜும் அந்த விலைக்குப் பக்கத்தில் இறங்கி வர வேண்டியிருந்தது. பொதுச் சொத்தாகிவிட்ட ஒரு பொருள் சும்மா கடையில் இருந்தாலே போதும், மற்ற விலைகளையும் அது பிடிச்சு நிறுத்தும்.

எல்லோரும் டபுள் எட்ஜுக்கு மாறுங்கன்னு நான் சொல்லலை. காலையில் நாலு நிமிஷம்தான் இருக்குன்னா கார்ட்ரிட்ஜே நல்லது. நான் சொல்ல வர்றது, சௌகரியம் வாங்கும்போது கூடவே என்ன கைமாறுதுன்னு பார்க்கணும் என்பதுதான். மைல்டு ரேசரிலும் திறமையில் பாதியைக் கருவிதான் வெச்சிருக்கு. ஆனா அடுத்த பிளேடு யாரிடம் வாங்கணும்னு நான் முடிவு பண்றேன்.

உங்க வீட்டுப் பழைய டப்பாவில் தாத்தாவோட டபுள் எட்ஜ் ரேசர் கிடந்தா எடுத்துப் பாருங்க. சுடுதண்ணியில் சோப்பு போட்டு ஊற வெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ச்சுக் கழுவுங்க. தகடு வளையாம, திருகு சரியா இறுகினா, இன்னிக்குக் கடையில் வாங்கின பிளேடு அதில் அநேகமா அப்படியே உட்காரும். உட்கார்ந்ததான்னு எங்களுக்கு எழுதுங்க.