வாக்ஸ் ஏசி30

வாக்ஸ் ஏசி30, இங்கிலாந்தில் 1959-இல் அறிமுகமான வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபயர். கென்ட் பகுதியின் டார்ட்ஃபர்ட் நகரில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனம் வாக்ஸ் என்ற பெயரில் இதைத் தயாரித்தது. வடிவமைத்தவர் டிக் டென்னி. 1960களின் பிரிட்டிஷ் கிட்டார் இசைக்குத் தனிக்குரல் தந்த கருவி இது.

தோற்றம்

டென்னி தாமே கிட்டார் கலைஞர். அவர் உருவாக்கிய 15 வாட் ஏசி15, 1958-இல் விற்பனைக்கு வந்தது. ரசிகர் கூட்டம் பெருகப் பெருக, ஹாங்க் மார்வின் இடம்பெற்ற 'தி ஷாடோஸ்' குழுவுக்கு அதன் சத்தம் போதவில்லை. டென்னி வெளியீட்டு வால்வுகளை இரண்டிலிருந்து நான்காக்கித் திறனை 30 வாட்டாக உயர்த்தினார். 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டைக் கொண்ட பெட்டியும் அதைத் தொடர்ந்து வந்தது.

தொடக்க மாடல்களில் இருந்த இஎஃப்86 வால்வு, ஸ்பீக்கரின் அதிர்வில் தானும் அதிர்ந்து இரைச்சல் எழுப்பியது. அதற்குப் பதிலாக இசிசி83 வால்வுகள் வந்தன. ஒலியில் மினுக்கம் குறைவு என்ற குறையைப் போக்க, 'டாப் பூஸ்ட்' என்ற கூடுதல் சுற்று சேர்க்கப்பட்டது. முதலில் பெட்டியின் பின்புறத்தில் தனியாகப் பொருத்தப்பட்ட இது, பிறகு மேல் பலகையிலேயே இடம்பெற்றது.

ஒலி

வெளியீட்டு வேலையைச் செய்பவை நான்கு இஎல்84 வால்வுகள். பல ஆம்ப்ளிஃபயர்களில், வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பி ஒலித்திரிபைக் குறைப்பார்கள். ஏசி30-இல் இந்த எதிர்ப்பின்னூட்டம் கிடையாது. அதனால் தெளிந்த ஒலி சட்டென உடையாமல் படிப்படியாகக் கரகரப்புக்கு மாறுகிறது. மெல்ல மீட்டினால் மணியோசை போன்ற தெளிவு. அழுத்தி மீட்டினால் அலையின் முகடுகள் மழுங்கி, மேற்சுரங்கள் செறிந்து ஒலிக்கும். ஆல்னிகோ காந்தம் கொண்ட செலஸ்டியன் நீல நிற ஸ்பீக்கர்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. குவீன் குழுவின் பிரையன் மே ஏசி30-ஐ முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழாலேயே கரகரப்பைக் கூட்டிக் குறைத்தார். விரலின் அழுத்தத்துக்கு இவ்வளவு நுட்பமாகப் பதில் சொல்வதே இதன் பெருமை.

பிற்காலம்

1962-இல் பீட்டில்ஸ் ஏசி30-ஐக் கைக்கொண்டதும் வாக்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது. ரசிகர்களின் கூச்சலுக்கு 30 வாட்டும் ஈடுகொடுக்காததால், பீட்டில்ஸுக்காக 100 வாட் மாடலும் உருவானது. ஜென்னிங்ஸ் 1964-இல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை விற்றார், 1967-இல் வெளியேறினார். பின்னர் பல கைகள் மாறிய வாக்ஸை, 1992-இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் வாங்கியது. யூ2 குழுவின் எட்ஜ் 1964-ஆம் ஆண்டு ஏசி30 ஒன்றையே தம் முதன்மை ஆம்ப்ளிஃபயராக வைத்திருந்தார். கோர்க் காலத்து ஏசி30 கஸ்டமிலும் அதே நான்கு இஎல்84 வால்வுகள்தான் இயங்குகின்றன.