ஏழுக்கு நாலு
(வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 6)

சென்ற வாரம்: 1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தேயிலை மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30, டெல்லி. மேசையின் ஒருபுறம் லால் பகதூர் சாஸ்திரி, மறுபுறம் சிறிமாவோ பண்டாரநாயக்கா. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று கடைசிவரை இறங்கிவராத நேரு கண்மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பேசப்பட்ட எண்ணிக்கை 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரா? பிறகு பார்த்துக்கொள்ளலாம்! கெடு 15 ஆண்டு. இங்கே ஏழு பேர் வந்தால் அங்கே நாலு பேருக்குக் குடியுரிமை என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும். யாரைப் பற்றிப் பேசினார்களோ, அவர்கள் சார்பில் அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

பதினொரு வீடுள்ள தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு வீடு கப்பலேற வேண்டும், நாலு வீடு இருக்கலாம். எந்த ஏழு, எந்த நாலு? ஒப்பந்தம் அதைச் சொல்லவில்லை.

1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது மதம் பார்த்துப் பிரித்தார்கள். கொடுமைதான், ஆனாலும் போக வேண்டியவர் யார் என்பதில் குழப்பம் குறைவு. இங்கே போகிறவருக்கும் இருக்கிறவருக்கும் ஒரே மொழி, ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), ஒரே மாரியம்மன். ஆகவே கோடு குடும்பத்துக்குள்ளேயே விழுந்தது. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தான், கட்டிக்கொடுத்த தங்கை சிலோனுக்கு. பின்னாளில் அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போன ரயிலுக்கு மலைநாட்டில் ஒரு பெயர் விழுந்தது: ஒப்பாரிக் கோச்சி.

அது பிறகு. 1964-இல் வழி சுலபமாகத்தான் தெரிந்தது. தலைமன்னாரில் கப்பலேறினால் எதிர்க்கரை தனுஷ்கோடி. 1914 முதல் கப்பலும் ரயிலும் கைகோத்து ஓடிய துறை. ஐந்தேகால் லட்சம் பேரும் முதலில் கால்வைக்கப்போகும் தாய்மண் அதுதான்.

டெல்லியில் கையெழுத்தாகி 53-ஆம் நாள், டிசம்பர் 22. பாம்பனிலிருந்து ஒரு பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. இரவு இருட்டிக்கொண்டு வந்தது. காற்று திசை மாறியது. தண்டவாளத்தின் இரு பக்கமும் கடல்...

(தொடரும்)