மரக்காலுக்குத் தெரியாத அந்து

பழைய நெல் மூட்டையைப் பிரித்தால் வைக்கோல் நிறத்தில் குட்டியாக ஒன்று பறக்கும். அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் சைட்டோட்ரோகா செரியலெல்லா. பறக்கிற பூச்சி நெல்லைத் தின்பதில்லை. தின்பது அதன் புழு. முட்டையிலிருந்து வந்ததும் ஒரு நெல்மணிக்குள் புகுந்து, அரிசியைத் தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு மாதம் போல ஆனதும் பூச்சியாக வெளியே வரும். அதுவரை நெல் முழுசாகத்தான் தெரியும்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்தது செங்கல்பட்டுக் கணக்குகளைப் படிக்கும்போது. 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பகுதி கம்பெனிக்கு ஜாகிராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் திருப்போரூரின் சுவடிக் கணக்கு இன்று புத்தகமாகவே கிடைக்கிறது. விளைச்சலில் கோயிலுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று பங்கு பிரித்த காலம் அது.

அளவு எல்லாம் கலமும் மரக்காலும்தான். அதாவது கொள்ளளவு, எடை இல்லை. இங்கேதான் அந்து ஒளிந்துகொள்கிறது. உள்ளே காலியானாலும் உமி அப்படியே இருப்பதால், அந்து அடிச்ச நெல்லும் மரக்காலை நிரப்பிவிடும். குறை தெரிவது உரலில் போட்டுக் குத்தும்போது. அப்படியென்றால், களத்திலேயே புது நெல்லை அளந்து வாங்கியவருக்குக் கிடைத்தது முழு அரிசி. மாதங்கள் கழித்து இருப்பு நெல்லில் கூலி வாங்கியவருக்கு, அதே மரக்காலில் குறைந்த சோறு.

ஏறக்குறைய அதே சமயம், 1760-ல், பிரான்சின் அங்கூமுவா பகுதியில் கோதுமையை இதே பூச்சி அழிக்க, துயாமெல் து மோன்சோ, தியே என்ற இருவரை அறிவியல் அகாதமி அனுப்பியது. தானியத்தை அடுப்புச் சூட்டில் வைத்துப் புழுவைக் கொல்லச் சொன்னார்கள். 1762-ல் புத்தகமும் வந்தது.

நம்ம ஊரில் புத்தகத்துக்குப் பதில் குதிர். இந்தப் பூச்சியால் குவியலின் ஆழத்துக்குப் போக முடியாது, மேலாகத்தான் முட்டையிடும். காய்ந்த நெல்லை மேல்வாய் வழியாகக் கொட்டி, மூடி, மண் பூசிவிட்டு, கீழே உள்ள துளை வழியாக எடுத்தார்கள். மேல்பக்கம் திறக்கவே வேண்டாம்.

சுவடியில் இத்தனை கலம் என்று பார்த்தால் இப்போதெல்லாம் எந்த மாதத்து நெல் என்று கேட்கத் தோன்றுகிறது. தையில் அளந்த கலமும் ஐப்பசியில் அளந்த கலமும் ஒன்றல்ல.