மூங்கில் குழாயில் முதிர்ந்த மது

வெளியூர் கிளம்பும்போது முதலில் எதை விசாரிப்பீர்கள்? 'அங்கே சாப்பாடு எப்படி?' என்றுதானே! கூச்சப்பட வேண்டாம். சங்க காலத்திலேயே நம்மவர்கள் இதற்கு 583 அடியில் ஒரு பாட்டு கட்டிவிட்டார்கள். பெயர், மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் என்ற புலவர், பசியோடு வரும் ஒரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, 'செங்கத்தில் இருக்கும் நன்னனிடம் போங்கள்' என்று வழி சொல்கிறார். எந்த மேட்டில் வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும் என்பதோடு, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சொல்கிறார் மனுஷன்!

அந்தச் செங்கத்துக்குத் தெற்கே நீண்டு கிடப்பதுதான் கல்வராயன் மலை. பாட்டைப் படித்த ஆசையில், கள்ளக்குறிச்சியில் பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறினேன்.

பாட்டில் வரும் மெனுவைக் கேளுங்கள். தினைச்சோறு. மோரும் புளியும் உலையில் கொதிக்க, அதில் வெந்து மலைச்சாரலே மணக்கும் மூங்கிலரிசிச் சோறு. அவரை சேர்த்த புளிங்கூழ். இதற்கு முன்னால் தொண்டையை நனைக்க, மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேன் மது. இதில் மூங்கிலரிசி நினைத்தபோது கிடைக்காது. மூங்கில் பல பத்து வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, நெல் உதிர்த்து, செத்துப்போகும். அப்பேர்ப்பட்ட அரிசியைத்தான் முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்குப் பொங்கிப் போட்டிருக்கிறார்கள்!

மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். ''சாமைச்சோறுதான் இருக்கு, சாப்பிடுவியா சாமி?'' என்றார் பாட்டி. நான் தலையாட்டுவதற்குள் தட்டு வந்துவிட்டது. கூடவே புளிக்கரைசல். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் மலையேறி வந்த கதையைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்பவர்கள், இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள். மலையை ஆள்வதால் மலையாளி. கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் பார்த்தால் சாமையைவிட மரவள்ளிதான் கண்ணில் படுகிறது. தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு! இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலம் பக்கம் மரவள்ளி ஜவ்வரிசித் தொழில் வேர்விட்டது. ஆலைக்குப் போகும் கிழங்கு காசு தரும். சாமை சோறு மட்டும்தான் தரும். யாரைக் குற்றம் சொல்வது?

சரி, அந்தத் தேன் மது?

மலையில் கூத்தர்கள் அதைக் குடித்த காலத்தில், கடற்கரையில் கிரேக்க மது வந்து இறங்கிக்கொண்டிருந்தது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைக் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். கிரேக்கத் தீவான காஸ் பாணியில் செய்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்தன. ஒரு சுவாரஸ்யம்... கிரேக்கர்கள் மதுவை அப்படியே குடிக்க மாட்டார்கள். தண்ணீர் கலக்காமல் குடிப்பவன் அவர்கள் கண்ணுக்கு நாகரிகம் தெரியாதவன். விருந்தில் ஒருவரைத் தலைவராக வைத்து, எத்தனை பங்கு தண்ணீர் என்பதை அவர்தான் முடிவு செய்வார். மலையில் ஊற்றிக் கொடுப்பவனும் விருந்தாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். இரண்டு இடத்திலும் கிண்ணத்துக்குப் பொறுப்பாக ஒரு முகம் இருந்தது. குடி நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த முகம் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

1937-ல் ராஜாஜி நாட்டுக்கே முன்மாதிரியாக மதுவிலக்கைத் தொடங்கியது, இந்த மலையை ஒட்டிய சேலம் மாவட்டத்தில். பிற்காலத்தில் கல்வராயன் என்றாலே சாராய ஊறல் என்று பெயர் கெட்டது. 2024 ஜூனில், கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். அதில் இருந்தது மலை ஊறல் அல்ல, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. பாக்கெட்டை வாங்கியவனுக்கு அதைக் கலக்கியவன் யாரென்றே தெரியாது!

அதற்குப் பிறகுதான் கல்வராயன் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. மலையைத் திரும்பிப் பார்க்க, மலையடிவாரத்தில் இத்தனை சாவு விழ வேண்டியிருந்தது.

கிளம்பும்போது பாட்டியிடம் பணத்தை நீட்டினேன். ''சோத்துக்கா காசு?'' என்று சிரித்தார். நன்னன் போய்விட்டான், அந்த மதுவும் போய்விட்டது. நீங்கள் மலையேறினால், அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கும். சாமைச்சோறு இருக்குமா, எனக்குச் சொல்லுங்கள்.